முதலில் சுழன்ற சுருள்

நம் மூத்தவள் பிறந்த அன்று சாயங்காலம், என்னோடு வேலை பார்த்த ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனார். ஒவ்வொரு வருஷமும் அவள் பிறந்தநாளில் வீட்டில் எல்லாரும் இனிப்பு தின்றுகொண்டிருக்கும்போது நான் ஏன் எழுந்து வாசல் பக்கம் போய் நிற்கிறேன் என்று பிள்ளைகளே, நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இதுவரை ஏதாவது சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது எழுதிவைக்கிறேன். எனக்கு எழுத்து பெரிதாக வராது. பதினோராம் வகுப்பும் ஒரு டைப்ரைட்டிங் பரீட்சையும்தான் என் படிப்பு. தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். நாங்கள் தாராவியில் இருந்தோம். செம்பூரைத் தாண்டி ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்திறங்கியிருந்தது. ஓர் அறை முழுக்க இரும்புப் பீரோக்களை நிறுத்திவைத்தது போல இருக்கும். எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் மின்விசிறி கிடையாது. அந்த இயந்திரத்துக்கு ஏசி. தூசி படக்கூடாது என்று செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குள் போகிற மாதிரி இருக்கும், ஆனால் கோயிலில் அவ்வளவு குளிர் இருக்காது.

வேகமாக டைப் அடிப்பேன் என்பதற்காக என்னை அங்கே உட்காரவைத்தார்கள். திரை எதுவும் இல்லை. இயந்திரத்தோடு கம்பியால் இணைத்த ஒரு டைப்ரைட்டர், அதில் நீளமான காகிதச் சுருள். நாம் ஒரு சொல்லை அடித்தால் இயந்திரம் அந்த வேலையைச் செய்யும். பதிலை அதே டைப்ரைட்டரில் தானாகவே அடிக்கும். யார் விரலும் படாமல் எழுத்துகள் எழுந்து எழுந்து காகிதத்தை அறையும். முதல்முறை பார்க்கிறவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வார்கள்.

நாம் அடிக்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அதற்கு எப்படித் தெரியும்? இந்த இடத்தை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், மற்றது எல்லாம் தானே விளங்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒரு காந்த நாடாவில் பதிந்திருக்கும். நாடா என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சுருள். கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு பீரோக்களில் பீரோவுக்கு ஒரு சுருள் மாட்டியிருக்கும். எந்தச் சுருளில் முதலில் தேட வேண்டும், அங்கே இல்லாவிட்டால் அடுத்து எதில் தேட வேண்டும் என்று காலையில் ஓர் அட்டையைச் செருகி வரிசை சொல்லிவிடுவோம். சொல்லை அடித்ததும் முதல் சுருள் சுழலும். அந்தப் பெயர் அங்கே கிடைத்தால் அதையே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். அதே பெயரில் இரண்டாவது சுருளில் இன்னொன்று இருந்தாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

இன்னொன்று. காலையில் இயந்திரத்தைத் தயார் செய்யப் பல சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க வேண்டும். அவற்றை எல்லாம் வரிசையாகக் கட்டி ஒரே பெயரில் பதிந்துவைத்துவிட்டால், அந்த ஒரு பெயரை அடித்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். எங்களுடையதற்குப் பெயர் 'காலை'. எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான், சொல் தமிழ். அந்தப் பெயரை வைத்தவர்தான் இறந்துபோனவர்.

அவர் மாட்டுங்காக்காரர். இரண்டு தலைமுறையாகப் பம்பாயில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம். எனக்குக் காலை ஷிப்ட், அவருக்கு மத்தியான ஷிப்ட். நான் அவரைச் 'சாமி' என்பேன். அவர் எங்கள் திருநெல்வேலிப் பேச்சைக் கிண்டல் செய்து என்னை 'அண்ணாச்சி' என்பார். புதிதாக எதையாவது எழுதிச் சோதித்துப் பார்க்க அவருக்கென்று ஒரு சுருள் கொடுத்திருந்தார்கள். மத்தியானம் அதை முதல் பீரோவில் மாட்டி, வரிசையில் முதலாக வைப்பார். சோதனை முடிந்ததும் கழற்றிவிட்டு ஆபீஸ் சுருளை மட்டும் விட்டுப் போவார்.

மூத்தவளே, நீ சயான் ஆஸ்பத்திரியில் பிறந்த அன்று மத்தியானம், லீவு சொல்வதற்காக நேராக ஆபீசுக்குப் போனேன். பம்பாயில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளை பிறந்தால் பேடா கொடுப்பார்கள், பெண்பிள்ளை என்றால் பர்ஃபி. மராத்திக்காரர்களைப் பார்த்து நம் ஆட்களும் பழகிக்கொண்டது. அவர் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, பேடாவா பர்ஃபியா?"

"பர்ஃபிதான் சாமி. பொட்டப்பிள்ள."

"அடடே, மகாலட்சுமின்னா வந்திருக்கா! டப்பா எங்கே?"

"இன்னும் வாங்கல. ஆஸ்பத்திரியிலருந்து நேரா வாரேன்."

"கையை வீசிண்டு வந்திருக்கேளே! திரும்ப வேலைக்கு வரச்சே பர்ஃபி இல்லாம இந்த ரூமுக்குள்ள கால் வெச்சேள்னா, மிஷின் ஓடாது. சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவ்வளவுதான். மழை இருட்டிக்கொண்டு வந்தது, நான் கிளம்பிவிட்டேன். அன்று சாயங்காலம் குர்லாவில் வண்டி மாறி, கூட்டத்தில் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனவர், சயான் வருவதற்குள் விழுந்துவிட்டார்.

எனக்குச் செய்தி மறுநாள்தான் தெரிந்தது. புறப்படும்போது உங்கள் ஆச்சி, அதாவது என் மாமியார், ஊரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தவள், வாசலை மறித்துக்கொண்டாள்.

"பிள்ள பொறந்த தீட்டோட சாவு வீட்டுக்கா போறிய? பச்ச ஒடம்புக்காரி கெடக்கா வீட்டுல."

"உள்ள போகமாட்டேன், அத்தை. வாசல்லயே நின்னுட்டு வந்துருதேன்."

அப்படியே செய்தேன். மாட்டுங்காவில் அந்தக் கட்டிடத்து மாடிப்படிக்குக் கீழே நின்றேன். அவர் மனைவியே இறங்கி வந்தார். சின்ன வயசு. அதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அழுது முடித்த முகம் இல்லை. அழ ஆரம்பிக்காத முகம்.

"அண்ணா, நேத்திக்கு நீங்க அவரைப் பார்த்தேளா?"

"மத்தியானம் பாத்தேம்மா."

"எப்படி இருந்தார்? ஏதாவது சொன்னாரா?"

சிரித்துப் பேசினார் என்றேன். அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கார்த்தால ஒண்ணுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. கோபத்துல நான், ஆத்துக்கு வராட்டாலும் பரவாயில்லேன்னு சொல்லிட்டேன். அவர் பதிலே சொல்லலை. செருப்பை மாட்டிண்டு போயிட்டார். வண்டில கூட நின்னவன் ஒருத்தன் போலீஸ்ல சொல்லியிருக்கான், அவரே கையை விட்ட மாதிரி இருந்ததுன்னு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "கை வழுக்கித்தா, அவராவே விட்டாரா? அது தெரியாம நான் எப்படிண்ணா இருக்கறது?"

தாராவிக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே நடந்து வந்தது.

உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு லீவு நீண்டுவிட்டது. நான் வேலைக்குத் திரும்பியபோது மாட்டுங்கா வீட்டில் பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அறையில் எனக்குப் பதிலாக ஒரு மராத்திக்காரர் உட்கார்ந்திருந்தார். அட்டை துளைக்கும் பிரிவிலிருந்து தற்காலிகமாக வந்தவர். என்னைக் கண்டதும் உயிர் வந்தவர் மாதிரி எழுந்தார்.

"ஆயியே அண்ணா, ஆயியே. முஜ்ஸே நஹீ ஹோதா." தன்னால் முடியவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, முதல் பீரோவைக் காட்டினார். "பெஹ்லே உஸ்கா கூம்தா ஹை." முதலில் அவருடையதுதான் சுழல்கிறது என்று அர்த்தம்.

பார்த்தேன். கண்ணாடிக்குள் அவருடைய சுருள் அப்படியே மாட்டியிருந்தது, அவர் கையால் எழுதிய சீட்டோடு. அன்று சாயங்காலம் அவர் கழற்றாமலே போயிருக்கிறார். போனவருடைய பொருளை உடனே எடுத்து ஒதுக்க யாருக்கும் கை வரவில்லை. அவருடைய டீ கிளாஸ்கூட மேஜை ஓரத்தில் அப்படியே இருந்தது. காரியம் முடியட்டும் என்று மானேஜரே சொல்லிவிட்டாராம். வரிசை அட்டையும் இறந்தவர் கடைசியாக வைத்ததுதான். அதனால், மராத்திக்காரர் எந்தச் சொல்லை அடித்தாலும் முதலில் இறந்தவரின் சுருள் அசையும். முன்னே ஓடும், பின்னே ஓடும், தேடும், இல்லையென்று நிற்கும். அதற்குப் பிறகுதான் ஆபீஸ் சுருள் சுழலும். இத்தனை நாளும் அந்த மனிதர் இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'காலை' என்கிற பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. தாளில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக அடித்தே சமாளித்திருக்கிறார்.

நான் உட்கார்ந்து 'காலை' என்று அடித்தேன்.

முதல் சுருள் சுழன்றது. நின்றது. இரண்டாவது சுழலும் என்று பார்த்தேன். அது அசையவே இல்லை. டைப்ரைட்டர் அடிக்க ஆரம்பித்தது.

'வாங்கோ அண்ணாச்சி. பர்ஃபி எங்கே?'

உலகத்திலேயே என்னை அப்படிக் கூப்பிட்ட டைப்ரைட்டர் அது ஒன்றுதான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இயந்திரம் காத்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்துவதற்கான சொல்லை அடித்தேன். சுருள் அசையக்கூட இல்லை, உடனே பதில் வந்தது.

'பொய் சொல்லாதீங்கோ. பர்ஃபி எங்கே?'

"க்யா லிக்கா, அண்ணா?" என்ன எழுதியிருக்கிறது என்று மராத்திக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார். எனக்குப் பெண் பிறந்தது அவருக்கும் தெரியும்; பர்ஃபி என்கிற சொல்லை அவராலேயே படிக்க முடிந்தது. படித்துவிட்டார். "பூத் ஹை! பூத் ஹை, பாபா!" என்று அலறிக்கொண்டு, வெளியே கழற்றிப்போட்ட செருப்பைக்கூட மாட்டாமல் நடைவழியில் ஓடினார்.

சத்தம் கேட்டு மானேஜர் வந்தார். அவரும் மாட்டுங்காக்காரர்தான், கெட்டிக்காரர். காகிதத்தைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"பூதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவன் டேப்புல அதே பேர்ல ஒண்ணு எழுதி வெச்சிருக்கான். வேணும்னே கழட்டாம விட்டிருக்கான், அது வரிசைல முன்னாடி இருக்கு. மிஷின் அதை எடுத்துண்டுடுத்து. விளையாட்டுப் புத்தி." பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. பிறகு, "டேப்பை எறக்கித் துடைச்சுட்டு ஸ்டாக்ல வெச்சுடுங்கோ" என்றார்.

துடைப்பது என்றால் பதிந்ததை எல்லாம் அழிப்பது. நாடா கப்பலில் வருகிற சாமான். ஒன்றைக்கூடச் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள். எனக்கும் புரிந்துதான் இருந்தது, எல்லாம் தேடும் வரிசை செய்கிற வேலை என்று. புரிந்த பிறகும் சுருளை இறக்கக் கை நீளவில்லை. அந்தச் சுருளில் ஒரு மனிதர் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், நான் பதில் சொல்லவில்லை.

"சார், பதினாறு கழியட்டும்" என்றேன்.

"அவாத்துல பதிமூணோட எல்லாம் ஆயிடுத்தே."

"எங்க பக்கம் பதினாறு, சார். நானும் அவருக்கு வேண்டியவன்தானே."

மானேஜர் இறந்தவருடைய டீ கிளாசைப் பார்த்தார். "சரி. பதினாறு அன்னிக்கு சாயங்காலம் அது ஸ்டாக்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இயந்திரத்தை நிறுத்தி மறுபடி கிளப்பி, மராத்திக்காரரைப் போலவே ஒவ்வொரு சொல்லாக அடித்து அன்றைய வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருடைய சுருள் முதலில் தேடியது.

வேலை முடிந்ததும் அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மாட்டுங்கா போனேன். இந்தத் தடவை மேலேயே போனேன். அவர் மனைவி ஜன்னலோரமாக நின்று படித்தார். இரண்டு வரிதான். திரும்பத் திரும்பப் படித்தார். 'பொய் சொல்லாதீங்கோ' என்ற இடத்தில் உதடு கொஞ்சம் விரிந்தது.

"இது அவரேதான். என்கிட்டயும் இப்படித்தான் சொல்வார்." பிறகு, "உங்களுக்குப் பொண்ணு பொறந்தது அவருக்கு எப்போ தெரியும்?" என்றார்.

"அன்னைக்கு மத்தியானம் நாஞ்சொல்லித்தாம்மா தெரியும்."

"பேடா எங்கேன்னு கேக்கலை. பர்ஃபி எங்கேன்னு கேட்டிருக்கார். அப்போ நீங்க போனப்புறம் எழுதினது." விரலால் அந்தச் சொல்லைத் தொட்டார். "வண்டி ஏறறதுக்கு முன்னாடி."

எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் சொன்னதும்தான் புரிந்தது. "பாத்தியளாம்மா, சாகப்போற மனுஷன் இப்படி விளையாடுவாரா?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று. "சிரிச்சுண்டே போறவாளும் இருக்கா, அண்ணா. இது போறாது." காகிதத்தை மடித்தார். "நீங்க பர்ஃபின்னு பதில் அடிச்சிருந்தா அது என்ன சொல்லும்?"

"தெரியலம்மா. அடிக்கல."

"ஏன்?"

"கையில பர்ஃபி இல்ல" என்றேன். எனக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது. அவருக்கு அப்படிப் படவில்லை போலிருக்கிறது.

"ஆமாம். அவர்கிட்டப் பொய் சொல்ல வேண்டாம். வாங்கிண்டு போய் வெச்சுட்டே அடிங்கோ. என்ன வந்தாலும் எனக்குக் கொண்டுவந்து காட்டணும். நல்லதா இருந்தாலும், இல்லாட்டாலும்."

சுருளில் இருப்பதை அச்சடித்துப் பார்க்க மானேஜர் உத்தரவு வேண்டும். கேட்டால் அப்போதே துடைத்துவிடச் சொல்லலாம் என்று பயந்து கேட்கவில்லை. இடைப்பட்ட நாளில் வீட்டில், மூத்தவளே, உன்னைத் தூக்கி மடியில் வைத்தால்கூட அந்தக் காகிதம்தான் கண் முன்னால் நின்றது. அவர் கடைசியாக என்ன எழுதியிருப்பார்? 'போய்வருகிறேன்' என்று இருந்தால்? 'இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இருந்தால்? நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டுமே. உங்கள் அம்மா, "பிள்ளையப் பாக்காம எங்க பாக்கிய?" என்று ஏசினாள்.

பதினாறாம் நாள் காலையில் ஒரு மிட்டாய்க் கடையில் பர்ஃபி வாங்கிக்கொண்டு போனேன். மராத்திக்காரர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே வரமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். டப்பாவைத் திறந்து டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடிக் கதவுக்குள் சுருள் அசையாமல் இருந்தது. வெளியே நல்ல வெயில். அந்த அறைக்குள் எப்போதும் போல மார்கழிக் குளிர். 'காலை' என்று அடித்தேன்.

சுருள் சுழன்று நின்றது.

'வாங்கோ அண்ணாச்சி. பர்ஃபி எங்கே?'

'பர்ஃபி' என்று அடித்தேன். ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து.

மறுபடி சுழன்றது. எனக்கு அது நிற்கவே நிற்காது போலத் தோன்றியது. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து அறைந்தன.

'சந்தோஷம். எனக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருங்கோ. மத்தியானம் வரேன்.'

அதற்குக் கீழே, தினமும் வருவது போல, இயந்திரத்தின் வழக்கமான வரிகள் வரிசையாக ஓடின. விளையாட்டுக்குப் பின்னால் அன்றாட வேலை முழுவதையும் ஒன்று விடாமல் எழுதிவைத்திருந்தார். என் வேலை கெட்டுவிடக் கூடாதே என்று. இயந்திரம் தயாராகிவிட்டது. நான்தான் தயாராகவில்லை.

ஒரு பர்ஃபியை எடுத்து அவர் டீ கிளாஸ் பக்கத்தில் காகிதத்தில் வைத்தேன். காலை ஷிப்ட் முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் வரேன் என்று எழுதியிருக்கிறதே. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், இருந்தாலும் காத்திருந்தேன். அவர் வழக்கமாகக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருகிற நேரம் வந்தது. கதவு திறந்தது. அது மராத்திக்காரர்; மத்தியான ஷிப்ட் இப்போது அவருக்கு, வேறு வழியில்லாமல் வந்தார். கிளாஸ் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சுருளைக் கழற்றினேன். துடைத்தேன். சீட்டை மட்டும் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வரிசை அட்டையை மாற்றிவைத்தேன். ஆபீஸ் சுருளில் இருந்த பழைய 'காலை' இனி முதலாவதாகக் கிடைக்கும். அது யாரையும் எதுவும் கேட்காது.

செம்பூரில் வண்டி ஏறினேன். குர்லாவில் மாறினேன். சயான் வரும்வரை வாசல் கம்பியில் என் கை பட்டுக்கொண்டே இருந்தது. மழைக்காலம் முழுக்க ஆயிரம் கைகள் பிடித்துப் பிடித்து அந்தக் கம்பி வழவழவென்று ஆகியிருந்தது. அன்று மழை இல்லை, அப்படியும் ஒரு தடவை என் விரல் சறுக்கியது.

அவர் மனைவி மாடிப்படிக் கைப்பிடியருகிலேயே காத்துக்கொண்டு நின்றார். காகிதத்தையும் சீட்டையும் கொடுத்தேன். படித்தார். கடைசி வரியை மட்டும் உதடு அசைய ஒரு முறை. பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டு, அத்தனை நாளில் முதல்முறையாக அழ ஆரம்பித்தார். நான் பர்ஃபி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். துக்க வீட்டில் இனிப்பை நீட்ட முடியுமா?

ரொம்ப நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் இல்லை, அந்தக் காகிதத்திடம் சொன்னார்:

"அப்போ வழுக்கித்தான் இருக்கு."